போனுக்குள் இருக்கும் இன்னொரு வீடு

மறுமணத்தில் ஒன்றுசேர்ந்த குடும்பங்கள், மூன்று தலைமுறை, ஒரே வைஃபை: மர்பி டவுனிலிருந்து ஒரு பார்வை

பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குவது இன்று எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டை. பெற்ற அப்பா பிடுங்கினால் பிள்ளை கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். பசித்ததும் தட்டோடு வந்து உட்காரும். அம்மாவை மறுமணம் செய்துகொண்டவர் பிடுங்கினால் அப்படி முடிவதில்லை. “நீங்க யாரு கேக்கறதுக்கு?” என்று பிள்ளை கேட்டுவிடுகிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

மனைவியை இழந்த ஓர் ஆணும் கணவரைப் பிரிந்த ஒரு பெண்ணும் மறுபடி குடும்பம் நடத்தத் துணிவது நல்ல விஷயம். அவரவர் பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு பெரியவர்கள் உட்கார்ந்து எத்தனையோ பேசுகிறார்கள்: எந்த வீட்டில் இருப்பது, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், முதல் கல்யாணத்து நகை யாருக்கு என்று. அந்தப் பிள்ளைகள் போனோடு எப்படி வளர்ந்தார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. சேர்ந்து வாழத் தொடங்கியதும் முதல் விரிசல் அங்கேதான் விழுகிறது.

நாக்ஸ்பேட்டை முதல் மெட்ரோ வரை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது மர்பி டவுன். 1809-ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் படைகளோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், கடை வைத்தவர்கள் என்று அல்சூரைச் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் பெருகின. மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. குடிசைகள் நெருக்கியடித்திருந்த அந்த இடத்தில், 1920களின் பிற்பகுதியில், கன்டோன்மென்ட் நிர்வாகத்தின் பொறியாளர் மர்பி ஏழைகளுக்காகச் சிறு சிறு மாதிரி வீடுகளை வடிவமைத்தார். ஊருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1940-ல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை வந்தது. 1948-ல் பழைய மெட்ராஸ் ரோட்டிலேயே, தூரவாணி நகரில், நாட்டுக்கே டெலிபோன் செய்து கொடுத்த ஐ.டி.ஐ. வந்தது. 1950-ல் அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. 2011 அக்டோபர் 20 அன்று தென்னிந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை ஓடியபோது, அல்சூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது.

மனைகள் மட்டும் அகலமாகவில்லை. ஓட்டு வீடு இருந்த துண்டு நிலத்தில் இன்று மாடி மேல் மாடி நிற்கிறது. கீழே பெரியவர்கள், மேலே மகன் குடும்பம், அதற்கும் மேலே வாடகைக்கு ஆள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. இதற்குள்தான் ஐந்தாறு பேர். பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தனி அறை என்ற பேச்சே இல்லை. அவள் காதில் மாட்டும் இயர்போன்தான் அவள் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரே கதவு. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இங்கே போன் சண்டையைப் பார்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் மூன்று வளர்ப்பு

இந்தப் பகுதியில் அமையக்கூடிய ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால் அதற்குப் பெயர் வேண்டாம்.

வீட்டுக்குப் பெரியவர் ஆயா. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் பாட்டியை ஆயா என்றே கூப்பிடுகிறார்கள். ஐ.டி.ஐ.யில் டயல் சுழற்றும் டெலிபோன்களுக்குப் பாகம் பொருத்தியவர். ஊருக்கெல்லாம் போன் செய்து கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு போன் வர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூர் தூர்தர்ஷன் 1981-ல் தொடங்கியபோது பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்று படம் பார்த்தவர். அவருக்கு எந்தக் கருவியும் ஹாலில், எல்லார் கண்ணெதிரில் இருக்க வேண்டிய பொருள். ரேடியோ அப்படித்தான் இருந்தது, டி.வி. அப்படித்தான் இருந்தது. மூலையில் ஒருவர் தனியாகப் பார்க்கிற திரை என்பதே அவருக்குச் சந்தேகத்துக்குரியது.

அவர் மகன் எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசிய தலைமுறை. 1993-ல் சன் டி.வி. வந்தபோது பள்ளிக்கூடப் பையன். சம்பாதித்த காசில் முதல் போன் வாங்கியவர். போன் என்பது உழைத்துப் பெற வேண்டிய ஒன்று என்று நினைப்பவர். முதல் மனைவி காலமான பிறகு அவருடைய மகளை வளர்த்தது ஆயாதான். “பத்தாவது முடிக்கிற வரைக்கும் போன் கிடையாது” என்பது அந்த வளர்ப்பின் சட்டம்.

இரண்டாவதாக வந்த மனைவியின் மகனுக்குப் பதினோரு வயது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் ஒன்றாம் வகுப்பை எட்டும் வயது. அம்மா தனி ஆள், ஷிஃப்ட் வேலை. 2016-ல் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிந்துவிட்டது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வீட்டில் இருந்தது. அவனுக்கு அதுவே வகுப்பறை, மைதானம், அம்மா வரும்வரை துணை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. வேறு யாரும் அவன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்தக் கருவி இருந்தது.

இப்போது இருவருக்கும் பிறந்த இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. தட்டோடு உட்காரும்போது யூடியூபில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறது. “ஏம்மா, போன் இல்லாம புள்ளைக்கு சோறு இறங்காதா?” என்கிறார் ஆயா. மருமகளுக்குச் சுருக்கென்கிறது. அது குழந்தையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, தன் முதல் பிள்ளையை வளர்த்த விதத்தைப் பற்றிய தீர்ப்பாகவும் அவர் காதில் விழுகிறது.

மூன்று பிள்ளைகள், மூன்று வகை வளர்ப்பு, ஒரே வைஃபை. போன் கிடைக்காத பதினைந்து வயதுக்காரி, தன்னைவிட நாலு வயது சின்னவன் கையில் போனைப் பார்க்கிறாள். “அவனுக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவனிடமிருந்து திடீரென்று பிடுங்கினால், “இந்த வீட்டுக்கு வந்ததாலதானே போச்சு” என்று அவன் நினைக்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. கர்நாடகத்தில் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். படிப்பு பெரும்பாலும் ஆங்கில வழி. வீட்டில் தமிழ் பேசும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆயா தமிழில் தட்டி அனுப்பும் செய்தியை அப்பாவின் போனில் பார்க்கும் பேத்திக்கு அது புரிவதில்லை. பேத்தி ஆங்கில எழுத்தில் அனுப்பும் தமிழ் ஆயாவுக்குப் புரிவதில்லை. இதற்கு வாய்ஸ் மெசேஜ் என்ற வழியைக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1970-ல் எழுதிய ‘கல்ச்சர் அண்ட் கமிட்மென்ட்’ நூலில், உலகம் வேகமாக மாறும் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து கற்க வேண்டிவரும் என்றார். மர்பி டவுன் ஹாலில் ஆயாவுக்குப் பேத்தி மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

பிடுங்குவதற்கு முன் திறந்து பாருங்கள்

சாதாரணக் குடும்பத்தில் பிள்ளையின் போனுக்குள் விளையாட்டு, வீடியோ, நண்பர்கள். மறுமணத்தில் இணைந்த குடும்பத்தில் அதற்கும் மேலாக ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்: அந்தப் போனுக்குள் பிள்ளையின் பழைய வீடு இருக்கிறது.

அந்தப் பதினோரு வயதுப் பையனைப் பெற்ற அப்பா வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருகிறார். பையன் மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறான். கீழே இருக்கும் யாருக்கும் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவனே தெரிந்துகொண்டிருக்கிறான். போனைப் பிடுங்கியவர் விளையாட்டை நிறுத்தியதாக நினைக்கிறார். பையனுக்கோ அப்பாவிடம் போகும் பாதையை அடைத்ததாகத் தோன்றுகிறது.

உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. யஷிதா சாஹு வழக்கில் 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பு, பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவரைத் தவிர மற்றப் பெற்றவருக்கும் பிள்ளையோடு தொடர்பில் இருக்க உரிமை உண்டு என்றது. தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும்விட வீடியோ அழைப்பே நல்ல வழி என்றும், தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பேச முடிய வேண்டும் என்றும் சொன்னது. கேட்பதும் பேசுவதும் பிள்ளையின் நலனுக்கு என்பதே அதன் அடிப்படை.

அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணிடமும் ஒரு போன் இருக்கிறது. சிம் இல்லை, ஓரத்தில் கண்ணாடி கீறியிருக்கிறது, சார்ஜரில் போட்டே வைத்தால்தான் உயிரோடிருக்கும். அவள் அம்மாவின் போன். “வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வா, சில்லறை பையிலேயே இருக்கு” என்று அம்மா அனுப்பிய பன்னிரண்டு விநாடி வாய்ஸ் மெசேஜ் அதில் இருக்கிறது. புதிதாக வந்த சித்தி நல்ல மனதோடுதான் சொன்னார்: “இதை எக்ஸ்சேஞ்சுல போட்டா புதுசு வாங்கலாம்டா.” அந்தப் பெண் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. காரணம் சித்திக்குத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆயாவுக்குத் தெரிந்திருந்தது.

இறந்தவர் படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டிய காலத்தில் துக்கத்துக்கு ஓர் இடம் இருந்தது. மறுமணமானாலும் அந்தப் படத்தை எவரும் கழற்றிவிடத் துணியமாட்டார்கள். இன்று அந்தப் படமும் குரலும் போனுக்குள் போய்விட்டன. அதனால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் வேலையாக அந்தக் குரலையும் படங்களையும் இரண்டு மூன்று இடத்தில் பத்திரமாகச் சேமித்து வைத்துவிட வேண்டும். அதைச் செய்து கொடுப்பவர் புதிதாக வந்தவர்தான் என்றால், அதைவிடப் பெரிய சமாதானப் பேச்சு அந்த வீட்டில் வேண்டியதில்லை.

கேட்கும் உரிமை யாருக்கு?

“நீங்க யாரு கேக்கறதுக்கு?” என்று பிள்ளை கேட்பதைத் திமிர் என்று தள்ளிவிட முடியாது. சட்டமே அந்த இடத்தில் இரண்டு குரலில் பேசுகிறது.

1956-ம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தில் பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்லும் 6-வது பிரிவு, ‘தந்தை’, ‘தாய்’ என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று விளக்கிவிடுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 அவர்களையும் பெற்றோர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. வளர்க்கும் காலத்தில் உரிமை இல்லை. வயதான காலத்தில் பராமரிப்புக் கேட்க மட்டும் இடமுண்டு. இடைப்பட்ட வருஷங்களில் அவர் என்ன உறவு என்பதை ஒவ்வொரு வீடும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது காகித விஷயமாக நின்றுவிடுவதில்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஃபீஸ் கட்டுபவரும், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும் மாற்றாந்தந்தையாக இருக்கலாம்; ஒப்புதல் கேட்கிற இடத்தில் அவர் பெயர் செல்லுமா என்ற கேள்வி எழுகிறது. முழு உரிமை வேண்டுமென்றால் தத்தெடுக்க வழி இருக்கிறது. மறுமணத் துணையின் பிள்ளையைத் தத்தெடுப்பதற்கென்றே மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் விதிகளில் தனி நடைமுறை உண்டு.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அகேலா லலிதா வழக்கு இந்த வகையில் முக்கியமானது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டவர் லலிதா. அவர் இப்போதைய கணவரின் பெயரைப் பிள்ளையின் ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்றே குறிக்க வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அது ஏறக்குறையக் கொடூரமானது, பிள்ளையின் மனநலத்தையும் சுயமதிப்பையும் எண்ணிப் பார்க்காதது என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் சொன்னது. பிள்ளை எந்த வீட்டில் ஊன்றி வளர்கிறதோ அந்த வீடு முழுதும் அதனுடையதாக வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் தெரிகிறது.

ஆனால் நீதிமன்றம் பெயர் கொடுக்கலாம். அதட்டும் உரிமையைக் கொடுக்க முடியாது. அது நாள்பட வருவது. இணைந்த குடும்பங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டனும், இத்தகைய குடும்பங்களோடு பணியாற்றிய பட்ரிஷியா பேப்பர்நௌவும் சொல்வது ஏறத்தாழ ஒன்றே: முதல் கட்டத்தில் கண்டிப்பு பெற்றவர் வாயிலிருந்து வரட்டும், புதிதாக வந்தவர் நெருக்கத்தைச் சம்பாதிக்கட்டும், பெற்றவர் சொன்ன விதிக்குத் துணை நிற்கட்டும். நம் வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. “இனிமே அவர்தான் உனக்கு அப்பா, அவர் சொன்னா கேக்கணும்” என்று கல்யாணமான வாரமே சொல்லிவிடுகிறோம். சொல்லப்பட்ட பிள்ளைக்கும் கஷ்டம், அந்தப் பொறுப்பைச் சுமக்கிற மனிதருக்கும் கஷ்டம்.

எது கண்டிப்பு, எது நோய்?

எல்லாவற்றையும் மனக்காயம் என்று விட்டுவிடவும் முடியாது. போன் அதன் பங்குக்குக் கெடுக்கத்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல், இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவு இன்னும் நல்லது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-ல் தந்த வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்குள் திரையே கூடாது. உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. ஐந்து வயது வரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்திலிருக்க. ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். சோறு ஊட்டும் விஷயத்தில் ஆயா சொன்னதுதான் டாக்டர்கள் சொல்வதும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. இணைய, போன் அடிமைத்தனத்துக்காக நாட்டிலேயே முதலாகத் தொடங்கப்பட்ட ‘ஷட்’ கிளினிக்கை நிம்ஹான்ஸ் 2014-ல் இந்த ஊரில்தான் ஆரம்பித்தது. தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, போனை வாங்கினால் அடிக்கவோ உடைக்கவோ செய்கிற நிலை வந்தால், “புது அப்பா வந்ததால” என்றோ “பழைய வளர்ப்பு சரியில்ல” என்றோ ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

வீட்டுக்கு வீடு போட்டுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு

முதலாவது, விதி பிள்ளைக்கு அல்ல, வீட்டுக்கு. “சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை, இரவு பத்துக்கு எல்லாப் போனும் ஹால் அலமாரியில்” என்றால் அப்பா போனும் அங்கேதான், ஆயா போனும் அங்கேதான். எல்லாரும் வைக்கிற இடத்தில் வைக்கச் சொன்னால், எனக்கு மட்டும் என்ற பேச்சு எழாது.

இரண்டாவது, நேரக் கணக்கில் இரண்டு கணக்கு வேண்டும். விளையாட்டும் வீடியோவும் ஒன்று. பெற்ற அப்பாவோடு, அம்மா வழித் தாத்தா பாட்டியோடு பேசுவது வேறு. இரண்டாவதைத் தண்டனையாக ஒருநாளும் வெட்டக் கூடாது. பையன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளியாமல், ஹாலில் உட்கார்ந்து பேசலாம் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, சின்ன வயதிலேயே போன் பார்த்த பிள்ளையிடமிருந்து ஒரே நாளில் வாங்காதீர்கள். போன் கிடைக்காத பிள்ளையைக் காக்க வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒருவனுக்கு வாரா வாரம் நேரம் குறையட்டும். மற்றவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடட்டும். ஒரு தேதியில் இருவரும் ஒரே அளவில் வந்து நிற்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இருவரும் பொறுப்பார்கள்.

நாலாவது, பாஸ்வேர்டும் கட்டுப்பாட்டு ஆப்பும் பெற்றவர் கையில் இருக்கட்டும். விதியை இருவரும் தனியே பேசி முடிவு செய்து, பெற்றவரே அறிவிக்கட்டும். ஓரிரு வருஷத்தில் பிள்ளையே மற்றவரிடம் வந்து அனுமதி கேட்கும் நாள் வரும். அன்றுதான் அந்த உரிமை அவருக்கு வந்து சேர்கிறது.

ஐந்தாவது, ஆயாவை நீதிபதி ஆக்காதீர்கள், காவல்காரியும் ஆக்காதீர்கள். அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்ணால் பார்க்க முடிந்தவர் அவர். பழைய ஐ.டி.ஐ. கதையை அவர் சொல்ல, புதிய பையன் அதை ரெக்கார்டு செய்யட்டும். இரத்த உறவு இல்லாத இருவருக்கும் நடுவே அந்த வீட்டின் கதை ஒரு சொத்தாகும்.

மறுமணம் செய்துகொண்டு பிள்ளைகளோடு ஒரு கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் உங்கள் கல்யாணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் கூடவே வந்திருக்கிறார்கள். இந்த வாரம் ஒரு சாயங்காலம் அவர்களோடு உட்காருங்கள். “இந்தப் போனில் நான் தொடக் கூடாதது எது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள், கேட்பார்கள்.